நோயாளியின் கட்டிலருகே நமது பங்கு

(உலக நோயாளர் தினத்தையொட்டி நடைபெற்ற கொடையாளர் நன்றிக் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனை ஆன்ம குரு ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாதவர்களும் வாசித்துப் பயன்பெற இங்கே வெளியிடுகிறோம்.)



ஆண்டுக்கு ஒருமுறை இப்படிக் கூடி இறைவனுக்கும் உங்களுக்கும் நன்றி செலுத்துவது நமது வழக்கம். உலக நோயாளர் தினத்தைப் புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-ஆம் ஆண்டு மே மாதம் ஏற்படுத்தினார். 1858-இல் லூர்து நகரில் தேவமாதா முதன்முதலாகக் காட்சியளித்த பிப்ரவரி 11-ஆம் நாளையே அதற்குத் தெரிந்துகொண்டார். முதல் தினம் 1993-இல் அதே லூர்து நகரில் சிறப்பிக்கப்பட்டது. அன்று தொடங்கி உலகெங்கும் உள்ள பங்குகள் இந்த நாளில் நோயாளிகளுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து வருகின்றன.

நீங்கள் அனுப்பிய காணிக்கை எப்படிச் செலவாயிற்று என்பதை நமது செயலாளர் அவர்கள் சற்று நேரத்தில் கணக்கோடு வாசிப்பார்கள். எத்தனை கட்டில், எத்தனை அறுவைச் சிகிச்சை, மருந்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரும். எங்களைப் போன்ற ஆன்ம குருக்களுக்குக் கணக்கு அவ்வளவாக வராது. ஆகவே கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாத ஒன்றைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம். நோயாளியின் கட்டிலருகே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர் வீடு திரும்பிய பின் யார் கதவைத் தட்டுகிறார்கள்? ஒரு பங்கின் விசுவாசம் உயிரோடு இருக்கிறதா என்பதை இந்த இரண்டு கேள்விகளை வைத்தே சொல்லிவிடலாம் என்பது வார்டுகளில் நடந்து நடந்து நாங்கள் கற்றுக்கொண்ட பாடம்.

பங்கு என்றால் என்ன?

பங்குக் கோயில், பங்குச் சாமியார், பங்குப் பேரவை, பங்குத் திருவிழா என்று நாள்தோறும் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நின்று யோசிப்பதில்லை. பங்கு என்றால் பாகம். சொத்தில் பங்கு, விளைச்சலில் பங்கு என்று வீட்டில் பேசுகிறோமே, அதே சொல்தான். கிரேக்க மொழியில் பங்குக்கு வழங்கும் சொல் ‘பரோயிக்கியா’ என்பது. சொந்த ஊரல்லாத இடத்தில் குடியிருப்போர் என்ற பொருளில் பிறந்த சொல் அது. நாம் இவ்வுலகில் வழிப்போக்கர்கள் என்பதைக் கிரேக்கச் சொல் நினைவூட்டுகிறது; நாம் ஒருவருக்கொருவர் பங்காளிகள் என்பதைத் தமிழ்ச் சொல் நினைவூட்டுகிறது.

பங்காளி என்றதும் உங்களில் சிலருக்கு வரப்புத் தகராறு ஞாபகம் வந்திருக்கும். வரட்டும். எத்தனை தகராறு இருந்தாலும் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நாம் போய் நிற்கிறோம். பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட வந்து பாடைக்குத் தோள் கொடுக்கிறான். அந்த வீட்டுத் துக்கத்தில் அவனுக்கும் ஒரு பாகம் உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது. பங்கு வாழ்வு என்பதும் அதுவே.

1983-ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 515-ஆம் சட்டம் பங்கு என்பதை இறைமக்களின் ஒரு குழுமம் என்றே வரையறுக்கிறது. கோயில் கட்டடமும் பங்கின் எல்லைக்கோடும் அதற்குப் பிறகு வருகிற காரியங்கள். 529-ஆம் சட்டம் பங்குத்தந்தையின் கடமைகளைச் சொல்லும்போது, நோயாளிகளை, அதிலும் மரணத் தறுவாயில் இருப்போரை, நிறைந்த அன்போடு கவனிக்கச் சொல்கிறது. ஏழைகளையும் துன்புறுவோரையும் தனித்து விடப்பட்டோரையும் சொந்த நாட்டை விட்டு வந்தோரையும் தேடிப் போகச் சொல்கிறது. ‘தேடிப் போ’ என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கோயிலுக்கு வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை.

கட்டிலைத் தூக்கிய நால்வர்

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் முடக்குவாதக்காரனை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவனை நால்வர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வாசலில் கூட்டம். உடனே கூரைமேல் ஏறி, கூரையைப் பிரித்து, அவனை ஆண்டவர் முன்பாக இறக்கினார்கள். ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். நோயாளியின் விசுவாசத்தை மட்டும் அல்ல, சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் கண்டார். அந்த நால்வரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் அவனுக்கு அண்ணன் தம்பியா, அக்கம்பக்கத்தாரா என்பதும் தெரியாது. அவர்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதாகவும் எழுதப்படவில்லை. ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்தார்கள். கட்டிலுக்கு நான்கு மூலை இருப்பதால் ஒருவரால் முடியாது. நால்வர் ஒத்துப் போனால்தான் முடியும்.

ஆதித் திருச்சபை இந்தப் பாடத்தை நன்றாகவே கற்றிருந்தது. ஏறத்தாழ 155-ஆம் ஆண்டளவில் வேதசாட்சியான புனித ஜஸ்டின், அக்காலக் கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டைப் பற்றி உரோமைப் பேரரசருக்கு எழுதினார். வாசகம், மறையுரை, செபம், அப்பமும் இரசமும் என்று நம் திருப்பலியின் ஒழுங்கு அப்படியே அதில் இருக்கிறது. வழிபாட்டுக்கு வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை எடுத்துச் சென்றார்கள் என்றும், திரட்டிய காணிக்கையைக் கொண்டு கூட்டத்தின் தலைவர் அனாதைகளையும் விதவைகளையும் நோயாளிகளையும் சிறைப்பட்டோரையும் அந்நியரையும் பராமரித்தார் என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். பீடத்தின் அப்பமும் உண்டியல் காசும் ஒரே நாளில், ஒரே கோயிலிலிருந்து நோயாளியின் வீட்டுக்குப் புறப்பட்டன. உங்கள் காணிக்கை எங்கள் மருத்துவமனைக்கு வருவதும், முதல் வெள்ளிக்கிழமைகளில் குருவானவர் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு போவதும் இப்படி ஏறக்குறைய 1,900 ஆண்டுப் பழக்கம்.

அவஸ்தை பூசுதலும் நோயில்பூசுதலும்

எங்கள் பணியில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறோம். கையில் எண்ணெய்ச் சிமிழோடு வார்டுக்குள் நுழைந்தால் சில வீட்டார் பதறிப்போய் எழுந்து நிற்பார்கள். “சாமி, அப்பாவுக்கு அவ்வளவு மோசமாகிவிட்டதா?” என்று ஒரு மகள் வாசலிலேயே மறித்துக் கேட்டாள். எண்ணெய் வந்தால் எமன் வந்தான் என்று நம் மக்கள் மனதில் பதிந்திருக்கிறது.

அதற்குக் காரணமும் உண்டு. நம் பெற்றோர் காலத்தில் இந்தத் திருவருட்சாதனத்துக்கு ‘அவஸ்தை பூசுதல்’ என்றே பெயர். உயிர் ஊசலாடும்போதுதான் சாமியாரைக் கூப்பிட ஆள் ஓடும். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தில், இது சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல, ஒருவர் நோயாலோ முதுமையாலோ ஆபத்து நிலையை அடையத் தொடங்கும்போதே இதைப் பெறத் தகுந்த காலம் வந்துவிட்டது என்று தெளிவாக்கியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் இதன் சடங்கு முறையைப் புதுப்பித்தார். நெற்றியிலும் கைகளிலும் பூசினால் போதும் என்றார். ஒலிவ எண்ணெய் கிடைக்காத நாடுகளில் வேறு தாவர எண்ணெயையும் மந்திரித்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார். பெயரும் நோயில்பூசுதல் என்று ஆயிற்று.

பெயர் மாறி அரை நூற்றாண்டு கடந்தும் பயம் மாறவில்லையே, ஏன்? ஒருவர் நோயில் விழுந்த நாள் முதல் பங்கு அவரைத் தேடி வந்திருந்தால், எண்ணெய்ச் சிமிழ் அந்த அன்பின் தொடர்ச்சியாகத் தெரியும். மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, கடைசியில் குருவானவர் மட்டும் வந்து நின்றால், அது சாவின் அறிவிப்பாகத்தான் தெரியும். புனித யாகப்பர் தம் திருமுகத்தில், நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும் என்று கற்பிக்கிறார். ஒருவரை வரவழைக்க வேண்டும் என்றால் அவர் வருவார் என்ற நம்பிக்கை முதலில் இருக்க வேண்டும் அல்லவா?

அந்த மகளுக்கு இதையெல்லாம் பொறுமையாக விளக்கினோம். வார்டில் இருந்த மற்றவர்களும் அருகே வந்து நின்று செபித்தார்கள். அவள் தகப்பனார் எண்ணெய் பூசப்பட்ட தம் கைகளைப் பார்த்துக்கொண்டே, “இந்தக் கையால் எத்தனை வருஷம் கோயில் மணி அடித்தேன்” என்றார். பத்து நாளில் தாமே நடந்து வீட்டுக்குப் போனார்.

ஆறு மாத மாத்திரை

வீட்டுக்குப் போவது என்று சொன்னோம். மருத்துவமனையின் வேலை பெரும்பாலும் அந்த வாசலோடு முடிகிறது. பங்கின் வேலை அங்கே தொடங்குகிறது. இதற்குக் காசநோயைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் தவறாமல் மருந்து சாப்பிட வேண்டும். மருந்து அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அரசு நிர்ணயித்திருக்கிறது. ஆனால் இரண்டு மாதத்திலேயே இருமல் நின்று, உடம்பு தேறிவிடுவதால், பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு நோய் திரும்பும்போது பழைய மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகத் திரும்பலாம். எங்கள் டாக்டர்களுக்கு இதுதான் பெரிய கவலை.

கிளைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஒரு தச்சுத் தொழிலாளிக்கு இதுவே நேர்ந்தது. முதல் தடவை குணமாகி வீட்டுக்குப் போனார். ஊரில் அவருக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைத்தார்கள். கடைத் திண்ணையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துபோனார்கள். வேலை கொடுப்பவர் இல்லை. பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் மருந்து வாங்கப் போவதை விட்டுவிட்டார். மறுபடியும் எங்களிடம் வந்தபோது 36 கிலோ எடை இருந்தார். மூன்று வாரம் படுத்திருந்தும் ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர் கேட்டதெல்லாம், “சாமி, நான் செத்தால் ஊருக்குள் எடுத்துப் போவார்களா?” என்பது ஒன்றுதான்.

அந்தப் பங்கில் அன்பியங்கள் இயங்கி வந்தன. அன்பியம் என்பது முப்பது நாற்பது வீடுகள் சேர்ந்த சிறு குழு என்பது உங்களுக்குத் தெரியும். 1990-இல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபை இப்படிப்பட்ட குழுமங்களின் கூட்டுறவாக வளர வேண்டும் என்று சொன்ன பிறகு, நம் தமிழகப் பங்குகளிலும் இவை வேகமாகப் பரவின. வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசித்துச் செபிப்பார்கள். அந்த ஊர் அன்பியக் கூட்டத்துக்கு எங்கள் சிஸ்டர் ஒருவர் போனார். காசநோய் தட்டிலும் தம்ளரிலும் ஒட்டாது, காற்றில்தான் பரவும், மருந்து ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் அபாயம் மிகவும் குறைந்துவிடும் என்று விளக்கினார். கூட்டம் அமைதியாக இருந்தது. பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு விதவைத் தாய், “மாத்திரையை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். காலையில் அவன் என் வீட்டுக்கு வந்து விழுங்கிவிட்டுப் போகட்டும், எனக்குப் பயமில்லை” என்றார்.

அன்று முதல் காலைத் திருமணி அடித்ததும் அவர் அந்தத் தாயின் வீட்டுத் திண்ணைக்குப் போவார். மாத்திரையும் ஒரு டம்ளர் கஞ்சியும் தயாராக இருக்கும். கஞ்சிக்கான அரிசி எங்கிருந்து வந்தது தெரியுமா? பிடி அரிசி. நம் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போடும் பழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். அந்த அரிசி ஆறு மாதமும் ஒரு நோயாளிக்குப் போயிற்று. மருந்துக் கெடு முடிந்த ஞாயிறன்று அவர் கோயிலில் காணிக்கைப் பவனியில் அப்பத்தட்டை ஏந்தி வந்தார். இன்று அந்தக் கோயிலின் பெஞ்சுகளைப் பழுது பார்ப்பவர் அவர்தான்.

இந்த மனிதனுக்குக் கொடுத்த படுக்கைக்கும் எக்ஸ்ரேக்கும் உங்கள் காணிக்கை உதவியது. அதற்காக உங்களுக்கு நன்றி. ஆனால் அந்தத் திண்ணை இல்லாமல் போயிருந்தால் அவர் மூன்றாவது முறையும் எங்களிடம் வந்திருப்பார். அதுவே கடைசி முறையாகவும் இருந்திருக்கும்.

இருவர் இருவராக

நம் பங்குகளில் உள்ள பக்த சபைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வின்சென்ட் தெ பவுல் சபையை 1833-இல் பாரிஸ் நகரில் தொடங்கியவர்களில் முதன்மையானவர் பிரடெரிக் ஓசானாம். அப்போது அவர் 20 வயது மாணவர். அவரும் தோழர்களும் ஏழைகளின் வீடுகளைத் தேடிப் போனார்கள். 1997-இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். மரியாயின் சேனை 1921 செப்டம்பரில் டப்ளின் நகரில் தொடங்கியபோது, அந்தச் சிறு குழுவினர் முதன்முதல் எடுத்துக்கொண்ட வேலை அந்நகரில் ஏழைகளுக்கான மருத்துவமனையில் இருந்த பெண் நோயாளிகளைச் சந்திப்பது. இன்றும் சேனையார் இருவர் இருவராகத்தான் போகிறார்கள்.

இந்த இரண்டு சபைகளும் நம் பங்குகளில் நெடுங்காலமாக உள்ளன. சில பங்குகளில் செழிப்பாக உள்ளன. சில பங்குகளில் திருவிழாப் பவனியில் கொடி பிடிக்கும்போது மட்டும் தெரிகின்றன. கொடி அழகானதுதான். ஆயினும் அந்தச் சபைகளின் ஊற்று நோயாளியின் வீட்டு வாசலில் இருக்கிறது. 1973-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், தேவையான இடங்களில் தகுந்த பொதுநிலையினரும் நற்கருணை வழங்க அனுமதி தந்தார். ஆகவே பத்துக் கிளைக் கிராமம் உள்ள பங்கிலும், ஆயரின் அனுமதியோடு, படுத்த படுக்கையில் இருப்பவருக்கு ஞாயிறுதோறும் நற்கருணை கொண்டு போக வழி இருக்கிறது. போவதற்கு ஆட்கள் வேண்டும்.

சுவர்கள்

அன்பானவர்களே, கசப்பான ஒன்றையும் சொல்லாமல் இந்த உரையை முடிப்பது உண்மையாக இராது.

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் உள்ள திருக்குடும்ப ஆலயத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1872-இல் அர்ச்சிக்கப்பட்ட அந்த ஆலயம், இரு சாதியார் ஒருவரையொருவர் கலவாமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு கைகளாகக் கட்டப்பட்டது. நடுவே தடுப்புச்சுவர் இருந்தது. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் வழக்காடினார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் அவர்கள் வெல்லவில்லை. இதே வடக்கன்குளத்தில்தான் புனித தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகிய அவர் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. நம் நாட்டின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர்.

கோயிலுக்குள் இருந்த சுவர் போய் நூறாண்டுக்கு மேலாயிற்று. கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் எல்லா ஊரிலும் போய்விட்டனவா? தேர் எந்தத் தெரு வரை வரும் என்ற வழக்கு எல்லா ஊரிலும் தீர்ந்துவிட்டதா? உங்கள் ஊரை நீங்களே அறிவீர்கள்.

மருத்துவமனையில் நாங்கள் காண்பது வேறு. நள்ளிரவில் பிரசவ வார்டில் இரத்தம் தேவைப்பட்டால் பங்கின் இளையோர் இயக்கத்துக்கு ஆள் அனுப்புகிறோம். 18 வயது முதல் 65 வயது வரை உடல்நலம் உள்ள எவரும் இரத்தம் கொடுக்கலாம். டாக்டர் இரத்தத்தின் வகையைக் கேட்கிறார், நோய்க்கிருமி உண்டா என்று சோதிக்கிறார். எந்தத் தெரு என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. ஒரு தெருவுக்குத் தேர் வராது என்று சண்டையிட்ட குடும்பத்தின் மருமகளுக்கு, அதே தெருப் பையன் கொடுத்த இரத்தம் ஏறியதை நாங்கள் அறிவோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பையன் யார் என்பதை மருத்துவமனை வெளியில் சொல்லவில்லை, சொல்லக்கூடாது. ஆனால் ஆண்டவருக்குத் தெரியும். நற்கருணையில் ஒரே உடலையும் இரத்தத்தையும் உட்கொள்ளும் நாம், கட்டிலருகே ஒன்றாகிக் கல்லறையருகே பிரிந்து நிற்பது எப்படி? இந்தக் கேள்வியை எங்களால் இறக்கி வைக்க முடியவில்லை. நீங்களும் ஒரு மூலையைப் பிடிக்கும்படி உங்கள் முன் வைக்கிறோம்.

அந்நியனாய் வந்தவன்

சென்ற ஆண்டு, கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு வாலிபன் சாரத்திலிருந்து விழுந்து, தலையில் பலத்த அடியோடு இங்கே கொண்டுவரப்பட்டான். கிறிஸ்தவன் அல்ல. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கூட இருக்க ஆள் இல்லை. கூட வேலை செய்தவர்கள் கூலியை விட்டுவிட்டு எத்தனை நாள் வந்து உட்கார முடியும்?

ஞாயிறு திருப்பலி முடிவில் பங்குத்தந்தை இதை அறிவித்தார். இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அன்று மாலையே வந்தார். இந்தி அவருக்குத் தெரியும். அந்தப் பையனுக்கும் ஓரளவு தெரிந்திருந்தது. “பேட்டா” என்று அவர் கூப்பிட்டதும் அவன் கண் திறந்து பார்த்தான். அவனுடைய ஊரையும் அண்ணன் பெயரையும் அவர்தான் கேட்டு வாங்கினார். பிறகு வின்சென்ட் தெ பவுல் சபையார் முறை போட்டு இரவில் கூட இருந்தார்கள். மாதா சபைப் பெண்கள் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு வந்தார்கள். ஏழாம் நாள் அவனுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளை இறந்துபோனான்.

அவனுக்குரிய சடங்குகளை அவனுடைய அண்ணன் தங்கள் முறைப்படி செய்தார். நாங்கள் சற்றுத் தள்ளி நின்று மௌனமாகச் செபித்தோம். உடலை ஊருக்குக் கொண்டு போகும் வண்டிச் செலவைப் பங்கு மக்கள் ஒரே நாளில் திரட்டினார்கள். புறப்படும்போது அந்த அண்ணன் ஹவில்தார் ஐயாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு எதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டோம். “தம்பி தனியாகச் சாகவில்லை என்று அம்மாவிடம் சொல்வேன் என்கிறான், சாமி” என்றார் பெரியவர்.

இந்த மருத்துவமனையால் அந்த உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு தாய்க்கு அந்த ஒரு வார்த்தையை அனுப்பிவைக்க ஒரு பங்கினால் முடிந்தது.

நாங்கள் கேட்பது

கொடையாளர் கூட்டம் என்றால் முடிவில் ஒரு வேண்டுகோள் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்களும் கேட்கிறோம். பயப்பட வேண்டாம், இன்று கேட்பதற்கு அதிகச் செலவில்லை.

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, திருமணப் பதிவேடு இருக்கிறது, இறந்தோர் பதிவேடு இருக்கிறது. பிறப்புக்கும் சாவுக்கும் நடுவே ஒருவர் நோயில் கிடக்கும் காலத்துக்கு மட்டும் பதிவேடு இல்லை. ஒவ்வொரு அன்பியத்திலும் ஒரு சாதாரண நோட்டு வையுங்கள். யார் படுக்கையில் இருக்கிறார், யார் மருத்துவமனையில் இருக்கிறார், கடைசியாக யார் போய்ப் பார்த்தது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். நோயின் பெயரை எழுத வேண்டாம். அது அவருடைய அந்தரங்கம். வாரக் கூட்டத்தில் செபத்துக்கு முன் அந்த நோட்டைத் திறந்து வாசியுங்கள். ஒருவர் பெயருக்கு எதிரே தேதி பழையதாய் இருந்தால், யார் போவது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, வீடு திரும்பும் நாள். உங்கள் பங்கைச் சேர்ந்தவர் எங்களிடமிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது, அவர் சம்மதித்தால், உங்கள் அன்பியத்துக்குச் சொல்லி அனுப்புகிறோம். இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போங்கள். மருந்து வாங்கியாயிற்றா, அடுத்த முறை எப்போது வரவேண்டும், வண்டிக்கு வழி உண்டா, வீட்டில் அடுப்பெரிகிறதா என்று கேளுங்கள். நீண்ட செபம் தேவையில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு அருள்நிறை மரியே சொல்லிவிட்டு வந்தால் போதும். நோயாளிக்கு அதற்கு மேல் பேசவும் தெம்பு இராது.

மூன்றாவது, கூட இருக்க ஆள் இல்லாத நோயாளி. அப்படி ஒருவர் எங்கள் வார்டில் எப்போதும் இருக்கிறார். எந்த மதம், எந்த மொழி, எந்தத் தெரு என்று கேளாமல், மாதத்தில் ஒரு நாள் உங்கள் பங்கிலிருந்து ஒருவரை அனுப்ப முடியுமா? கூட்டம் முடிந்ததும் எங்கள் சிஸ்டர்களிடம் பங்கின் பெயரைக் கொடுத்துச் செல்லுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டதால், இனி காணிக்கை அனுப்ப வேண்டியதில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது! செயலாளர் அவர்கள் எங்களைக் கவலையோடு பார்க்கிறார். மருந்துக் கம்பெனிக்கு அன்பியத்தின் செபத்தைக் கொடுத்துப் பில்லைத் தீர்க்க முடியாது. கட்டிலுக்கு நான்கு மூலை உண்டு என்று சொன்னோம் அல்லவா? ஒரு மூலையை டாக்டர்களும் சிஸ்டர்களும் பிடித்திருக்கிறார்கள். ஒரு மூலையை நோயாளியின் வீட்டார் பிடித்திருக்கிறார்கள். ஒரு மூலையை உங்கள் காணிக்கை பிடித்திருக்கிறது. நான்காவது மூலையைப் பிடிக்க உங்கள் பங்கை அழைக்கிறோம். அது தரையில் இழுபட்டால் கட்டில் ஆண்டவர் முன்பாகப் போய்ச் சேராது.

இந்த ஆண்டு எங்கள் படுக்கைகளில் கிடந்து நலமடைந்தோருக்காகவும், எங்கள் கைகளில் உயிர் துறந்தோருக்காகவும், இரவு பகல் பாராமல் உழைக்கும் எங்கள் பணியாளருக்காகவும், உங்கள் இல்லங்களில் நோயுற்றிருக்கும் ஒவ்வொருவருக்காகவும் இப்போது எழுந்து நின்று ஒரு பரலோக மந்திரம் சொல்வோம். நோயாளிகளின் ஆரோக்கியமான மரியன்னை நமக்காக மன்றாடுவாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் உங்கள் பங்குகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.